கூட்ஸ் பாதையில் புறநகர் ரயிலும் வரப்போகிறதா? முதலில் இரவு அட்டவணையைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: வீடுகளை ஒட்டி இத்தனை காலமும் கூட்ஸ் வண்டி மட்டும் போய்வந்த பாதையில் இனிமேல் புறநகர் ரயிலும் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் ஓட்டுவது பாதுகாப்பானதா, சத்தம் எவ்வளவு கூடும், கூட்ஸுக்குத் தனிப் பாதை கேட்டுப் போராடலாமா?

ஓட்டலாம். உலகத்தில் உள்ள ரயில் பாதைகளில் பெரும்பாலானவை இரண்டையும் சுமப்பவைதான், தனித்தனிப் பாதை என்பதுதான் அபூர்வம். ஆனால் வீட்டருகே இருப்பவர்களுக்குத் திட்ட அறிக்கை வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பகலில் புறநகர் ரயில் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் கூட்ஸிடமிருந்து எடுக்கப்படுவது. அந்தக் கூட்ஸ் எங்கேயும் மறைந்துபோய்விடாது, இரவுக்கு நகரும். பயணம் செய்பவருக்குக் காலையில் ஒரு வசதி கிடைக்கிறது, அதற்கான விலையைப் பாதையோரம் தூங்குபவர் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கொடுக்கிறார். அதனால்தான் "வேண்டும், வேண்டாம்" என்ற வாக்குவாதத்துக்குப் போகும் முன் இரவு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஏன் இரவுக்குத் தள்ளப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். வேகம்தான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள், அது பாதி உண்மைதான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று போகும் புறநகர் ரயிலின் சராசரி வேகமும், நிற்காமல் ஒரே சீராக ஓடும் கூட்ஸின் வேகமும் சில பாதைகளில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். உண்மையான வித்தியாசம் நிற்பதிலும் கிளம்புவதிலும் இருக்கிறது. மின்சாரப் புறநகர் ரயில் நின்ற இடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நல்ல வேகம் எடுத்துவிடும். நாலாயிரம் டன் ஏற்றிய கூட்ஸ் அப்படி எடுக்காது. ஒரு சிவப்பு சிக்னலில் நின்றுவிட்டால் மறுபடி முழு வேகத்துக்கு வரப் பல நிமிடங்கள் ஆகும், அந்த நேரம் முழுக்க அதன் பின்னால் வருகிற ஒவ்வொரு ரயிலும் தாமதமாகும். நிறுத்துவதும் அப்படித்தான். பாரம் ஏற்றிய கூட்ஸ் முழு வேகத்தில் வந்தால் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எடுத்துக்கொள்ளும்.

சரி, ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுப் புறநகர் ரயிலை முன்னால் விடலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் லூப் லைன், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்துபோய் மறுபடி அதிலேயே சேரும் பக்கத் தண்டவாளம். ஆனால் லூப்பில் நுழையும்போது கூட்ஸ் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். 700 மீட்டர் நீள வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தால் அதன் வால் மெயின் லைனை விட்டு விலகவே ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும், வேகத்தைக் குறைப்பதற்கான நேரம் தனி. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் விடும் பாதையில் இது ஒரு முழு ரயிலுக்கான இடத்தை விழுங்கிவிடும். அதைவிட மோசமான நிலையும் உண்டு: வண்டி லூப்பைவிட நீளமாக இருப்பது. ஐரோப்பாவில் 740 மீட்டர் நீள வண்டிகளை அளவாக வைத்துத் திட்டமிடுகிறார்கள். அமெரிக்காவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கும் கூட்ஸ் ஓடுகிறது, பழைய லூப்கள் பலவற்றில் அவை அடங்குவதில்லை. அடங்காத வண்டியை ஒதுக்க முடியாது, எனவே சட்டப்படி யாருக்கு முன்னுரிமை இருந்தாலும் லூப்பில் போய் நின்று காத்திருப்பது பயணிகள் ரயில்தான். அமெரிக்காவில் நீண்ட தூரப் பயணிகள் ரயில்களுக்குக் கூட்ஸைவிட முன்னுரிமை தர வேண்டும் என்ற சட்டம் 1970களிலிருந்தே இருக்கிறது, ஆனாலும் இந்தக் காத்திருப்பு தீரவில்லை.

இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கும் அட்டவணைக்காரர் கடைசியில் வரும் முடிவு ஒன்றே: காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் கூட்ஸ் வேண்டாம், நடுப்பகலில் முடிந்ததைச் செருகு, மீதி எல்லாம் கடைசிப் புறநகர் ரயில் போன பிறகு. அவர் மேல் தவறில்லை, அவர் இடத்தில் நானும் அப்படித்தான் போடுவேன்.

இந்தப் பிரிப்பைக் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1981இல் தொடங்கிய இலகு ரயில் (டிராம் போன்ற எடை குறைந்த ரயில்), பழைய கூட்ஸ் பாதை ஒன்றை வாங்கி அதிலேயே ஓடத் தொடங்கியது. பகலில் பயணிகள், இரவில் கூட்ஸ். நியூ ஜெர்சியில் கேம்டன் - டிரென்டன் இடையே 2004இல் தொடங்கிய ரிவர் லைனும் அதே ஏற்பாடுதான், வார நாட்களில் இரவு பத்து மணியோடு பயணிகள் சேவையை முடித்துக்கொண்டு பாதையைக் கூட்ஸுக்குக் கொடுத்தார்கள். இதற்குக் காரணம் மோதல் பயம். அமெரிக்காவின் பழைய விதிகளின்படி வழக்கமான பயணிகள் பெட்டி, முனையிலிருந்து தள்ளும் 8,00,000 பவுண்டு விசையைத் தாங்க வேண்டும். இலகு ரயில் பெட்டிகள் அவ்வளவு தாங்குவதில்லை, அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் இருக்கவே கூடாது என்று கடிகாரத்தால் பிரித்தார்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரம் வேறு வழியில் போனது. 1992இல் தெருவில் ஓடும் டிராமையே மெயின் லைனில் ஏற்றி, சாதாரண ரயில்களோடு கலந்து ஓடவிட்டார்கள். அங்கே மோதினால் தாங்கும் பெட்டி வேண்டும் என்பதைவிட, மோதலே நடக்காதபடி சிக்னலும் தானியங்கி பிரேக்கும் தடுக்க வேண்டும் என்பதில் கவனம் வைத்தார்கள். நான் இந்த இரண்டாவது பக்கம்தான். எவ்வளவு கனமான பெட்டியாக இருந்தாலும் நாலாயிரம் டன் எதிரே வந்தால் அதன் பலம் எவ்வளவு தூரம் உதவும்?

அதற்கு வேதனையான சாட்சி 2008 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே சாட்ஸ்வொர்த்தில் நடந்தது. ஒற்றைப் பாதையில் புறநகர் ரயிலும் கூட்ஸும் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். புறநகர் ரயிலின் ஓட்டுநர் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததில் சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் தாண்டியிருந்தார். சிக்னலைத் தாண்டினால் வண்டியைத் தானே நிறுத்தும் அமைப்பு அந்தப் பாதையில் இல்லை. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அந்த அமைப்பைக் கட்டாயமாக்கியது, 2015 என்று இருந்த கெடு தள்ளிப்போய் 2020 இறுதியில்தான் வேலை முடிந்தது. ஆகவே "பாதுகாப்பானதா" என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது: முதல் புறநகர் ரயில் ஓடும் நாளன்றே தானியங்கி ரயில் பாதுகாப்பு முழுப் பாதையிலும், கூட்ஸ் இன்ஜின்களையும் சேர்த்து, வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பொருத்துவோம் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் ஈடிசிஎஸ், இந்தியாவில் கவச் என்று பெயர் மாறும், அவை செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

வீட்டருகே இருப்பவருக்கு இன்னொரு ஆபத்து வேகனுக்குள் என்ன இருக்கிறது என்பது. இத்தாலியின் வியாரெஜ்ஜோவில் 2009 ஜூன் 29 இரவு, ஸ்டேஷன் வழியாகப் போய்க்கொண்டிருந்த எல்பிஜி வண்டியின் ஒரு வேகனில் அச்சு முறிந்து, வண்டி தடம் புரண்டு, டேங்க் கிழிந்து, வாயு பாதையோர வீடுகளுக்குள் பரவித் தீப்பிடித்தது. 32 பேர் இறந்தார்கள், பலர் தங்கள் வீட்டிலேயே. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல, இந்த ஆபத்து கூட்ஸ் ஓடிய நாளிலிருந்தே உங்கள் வீட்டருகே இருந்துவருகிறது. உண்மையில் புறநகர் ரயில் வருவதால் இது குறையவும் செய்யலாம், ஏனென்றால் ஆட்கள் பயணம் செய்யும் பாதையில் தண்டவாளச் சோதனை அடிக்கடி நடக்கும், சூடேறிய பேரிங்கையும் உடைந்த சக்கரத்தையும் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பாதையோரம் வைக்கப் பணம் ஒதுக்குவார்கள். கேட்க வேண்டியது: அந்தக் கருவி வீடுகள் தொடங்குவதற்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது? குடியிருப்பைத் தாண்டியபின் எச்சரிக்கை வந்தால் உங்களுக்கு என்ன பயன்? நிற்கவே ஒரு கிலோமீட்டர் தேவைப்படும் வண்டிக்கு அதற்கேற்ற தூரத்தில் கருவி இருக்க வேண்டும்.

இனி சத்தம். உங்கள் வாழ்க்கையைத் தினமும் தொடுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடும் ரயிலின் சத்தம் பெரும்பாலும் இன்ஜினிலிருந்து வருவதில்லை. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில், இரண்டின் மேற்பரப்பிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உரசி அதிர்வதால் வருகிறது. பழைய கூட்ஸ் வேகன்களில் வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ஓடும் பரப்பையே அழுத்தி நிறுத்தும், நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். அப்புறம் பிரேக் போடாமல் ஓடும்போதும் அந்தச் சக்கரம் வழி நெடுகச் சத்தம் போட்டுக்கொண்டே போகும். கூட்டுப்பொருளில் செய்த கட்டைக்கு மாற்றினால் சக்கரம் வழவழப்பாகவே இருக்கும், சத்தம் 10 டெசிபல் வரை குறையும்; காதுக்கு அது பாதியாகக் குறைந்ததுபோல் கேட்கும். சுவிட்சர்லாந்து 2020இலிருந்து வார்ப்பிரும்புக் கட்டை வேகன்களைத் தடை செய்தது, ஜெர்மனி அதே ஆண்டு டிசம்பரில் சத்தம் மிகுந்த வேகன்களுக்குத் தடை கொண்டுவந்தது. ரைன் நதிப் பள்ளத்தாக்கில் இரவெல்லாம் கூட்ஸ் சத்தத்தோடு வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகள் விடாமல் அழுத்தம் கொடுத்ததற்கு அதில் பங்கு உண்டு. என் கணிப்பில், சத்தச் சுவருக்குச் செலவிடும் பணத்தை முதலில் பிரேக் கட்டையில் போடுவதுதான் நியாயம். சுவர் ஒரு தெருவைக் காப்பாற்றும், கட்டையை மாற்றினால் அந்த வேகன் போகும் பாதை முழுக்க எல்லோருக்கும் பயன்.

சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுவர் சத்தம் கிளம்பும் இடத்தை உங்கள் ஜன்னலிலிருந்து மறைத்தால்தான் வேலை செய்யும். தரைத்தளத்துக்கு நன்றாக உதவும் சுவர் மூன்றாம் மாடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. மரம் நட்டுத் தருகிறோம் என்பார்கள். நடட்டும், கண்ணுக்கு நல்லது, பாதை மறைந்தால் மனத்துக்கும் ஆறுதல். ஆனால் ஒரு வரிசை மரம் டெசிபல் கணக்கில் சொல்லும்படி எதையும் குறைக்காது. அது சத்தத் தடுப்பு என்று கணக்கில் எழுதப்பட்டால் மறுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது சராசரி என்னும் பிரச்சினை. சத்த அறிக்கையில் வருவது நாள் முழுவதின் அல்லது இரவு முழுவதின் சராசரி. ரயில்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானாலும் இந்தச் சராசரி 3 டெசிபல்தான் ஏறும், "காதால் உணர முடியாத அளவு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் மனிதர் சராசரியில் விழிப்பதில்லை. ஒரு இரவில் மூன்று வண்டி போனால் மூன்று தடவை தூக்கம் கலையலாம், ஆறு போனால் ஆறு தடவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் ரயில் சத்தத்துக்குப் பரிந்துரைத்த அளவு நாள் முழுவதற்கும் 54 டெசிபல், இரவுக்கு 44 டெசிபல், இவையும் சராசரிகளே. ஆகவே இரண்டையும் கேளுங்கள்: இரவுச் சராசரி எவ்வளவு, தனியாக ஒரு வண்டி கடக்கும்போது உச்சம் எவ்வளவு, அப்படி எத்தனை உச்சங்கள், எந்தெந்த மணிக்கு.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் உருளும் சத்தத்தின் உச்சம் ஏறக்குறைய 9 டெசிபல் ஏறும். புறநகர் ரயிலுக்காகப் பாதையைப் புதுப்பித்து, தண்டவாளத்தைத் தாங்கும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளையும் ஜல்லியையும் மாற்றி, இணைப்பில்லாத நீளத் தண்டவாளம் போட்டபின் இதுவரை 30 கிலோமீட்டரில் ஊர்ந்துபோன கூட்ஸ் 60இல் போகும். மூட்டுகளில் விழும் "தடக் தடக்" போய்விடும், அது பெரிய நிம்மதிதான், அதே சமயம் வேகத்தால் உருளும் சத்தம் கூடும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் சில இடங்களில் லாபம், சில இடங்களில் நஷ்டம். உங்கள் இடத்துக்கு எது என்பதை அவர்கள் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

கூட்ஸ் எங்கே நிற்கப்போகிறது? பாதையோர மக்கள் அதிகம் கேட்காத கேள்வி இது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். ஓடும் வண்டி ஒரு நிமிடத்தில் போய்விடும். லூப்பில் காத்திருக்கும் வண்டியின் டீசல் இன்ஜின் அரை மணி, ஒரு மணி என்று உறுமிக்கொண்டே நிற்கும், அந்தத் தாழ்ந்த சுருதி மூடிய ஜன்னலையும் தாண்டி வரும், புகையும் சேர்ந்து வரும். கிளம்பும்போது பிரேக் காற்று விடுபடும் சீறல், பிறகு வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இறுகும் "டமார்" என்ற சத்தம் வண்டியின் தலையிலிருந்து வால்வரை ஓடும். புறநகர் ரயில் வந்தபின் காத்திருப்புகள் கூடும் என்பதால் லூப் எந்த இடத்தில் அமைகிறது என்பது, பாதையில் எத்தனை வண்டி போகிறது என்பதைவிட உங்களை அதிகம் பாதிக்கக்கூடும். வரைபடத்தில் லூப்பின் இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள், சிக்னல் கம்பம் எங்கே என்று பாருங்கள். இன்ஜின் நிற்பது அந்தக் கம்பத்தின் அருகேதான். கட்டுமானத்துக்கு முன்பென்றால் சிக்னலை 300 மீட்டர் தள்ளி வைப்பது ஒரு கோடு மாற்றும் வேலை. பிறகென்றால் வருடக்கணக்காக இழுக்கும்.

அதிர்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான அச்சுகள் மென்மையான மண்ணில் உண்டாக்கும் அதிர்வு தரை வழியாக வரும், சுவர் எழுப்பினால் நிற்காது. தட்டையாகத் தேய்ந்த சக்கரம், தண்டவாளங்கள் பிரியும் பாயிண்ட் இரண்டும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். பாயிண்ட்டை வீடுகளிலிருந்து தள்ளி வைப்பது, ஸ்லீப்பருக்கு அடியில் ரப்பர் பட்டை போடுவது, தட்டைச் சக்கரத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வைப்பது எல்லாம் தெரிந்த தீர்வுகள். உடம்பால் உணரும் அளவு வேறு, கட்டடத்துக்குச் சேதம் செய்யும் அளவு வேறு. இரண்டாவது பல மடங்கு அதிகம். அதனால் பாத்திரம் குலுங்குகிறது என்பதற்காக வீடு விழும் என்று அஞ்ச வேண்டாம், ஆனால் தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்ய வீடு விழ வேண்டிய அவசியமும் இல்லை.

லெவல் கிராசிங் இருக்கும் இடமென்றால் அங்கேதான் உயிர் போகிறது, அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். கூட்ஸ் மட்டும் மெதுவாகப் போய்வந்த பாதையில் மக்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருக்கும்: தூரத்தில் தெரிகிறது, சத்தமும் கேட்கிறது, கடந்துவிடலாம். புறநகர் மின்சார ரயில் வேகமாக வரும், கூட்ஸ் அளவு முன்னறிவிப்பாகச் சத்தமும் கேட்காது. பெரிய உருவம் நேராக நம்மை நோக்கி வரும்போது உண்மை வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும். இத்தோடு இரட்டைப் பாதை என்றால் இரண்டாவது ரயில் ஆபத்து: கூட்ஸ் கடந்து முடிந்ததும் கேட் திறக்கும் முன்பே ஆட்கள் குனிந்து நுழைவார்கள், கூட்ஸின் நீளம் மறைத்திருந்த எதிர்த்திசைப் புறநகர் ரயில் அந்த நொடியில் வரும். சேவை தொடங்கும் முதல் மாதங்களில் கேட்டருகே ஆள் நிறுத்தச் சொல்லுங்கள், பள்ளிகளில் பேசச் சொல்லுங்கள், முடிந்த இடத்தில் நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ சேவைக்கு முன்பே திறக்க வேண்டும் என்று உறுதியாக நில்லுங்கள்.

கேட் எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சில தானியங்கி கேட்டுகள், ரயில் குறிப்பிட்ட தூரத்துக்கு வந்ததும் மூடும். அந்தத் தூரம் மிக வேகமான ரயிலை வைத்துக் கணக்கிடப்படும். 110 கிலோமீட்டர் வேகத்துக்கு 30 நொடி முன்னறிவிப்பு வேண்டுமென்றால் சுமார் 920 மீட்டர். அதே இடத்துக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கூட்ஸ் வந்தால் கேட்டை அடையவே 110 நொடி, 700 மீட்டர் வண்டி கடக்க இன்னும் 84 நொடி. மூன்று நிமிடத்துக்கு மேல் மூடியிருக்கும். பொறுமை போய் ஆட்கள் நுழைவது அப்போதுதான். வரும் ரயிலின் வேகத்தை அளந்து அதற்கேற்ப மூடும் கருவி இருக்கிறது, கலப்புப் பாதையில் அது ஆடம்பரம் கிடையாது, அவசியம்.

ஹாரனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதிப்படி சாலைக் கிராசிங்கை அடைவதற்கு 15 முதல் 20 நொடி முன்பிருந்து ஹாரன் ஒலிக்க வேண்டும், அளவு 100 அடி முன்னால் 96 முதல் 110 டெசிபல். நாளுக்கு ஐந்து கூட்ஸ் போன பாதையில் நாற்பது புறநகர் ரயில் சேர்ந்தால் ஒரு கிராசிங்குக்கு ஐந்து ஹாரன் என்பது நாற்பத்தைந்து ஆகிவிடும். அதாவது இந்த ஒரு விஷயத்தில் உங்கள் அமைதியைக் கெடுப்பது கூட்ஸைவிடப் புறநகர் ரயில்தான். 2005இல் நடைமுறைக்கு வந்த விதி அங்கே அமைதி மண்டலங்களை அனுமதிக்கிறது: நான்கு பக்கமும் கேட், சாலை நடுவே தாண்ட முடியாத தடுப்பு போன்றவற்றை வைத்துப் பாதுகாப்பை உறுதி செய்தால் வழக்கமாக ஹாரன் அடிப்பதைத் தவிர்க்கலாம். உங்கள் நாட்டில் விதி வேறாக இருக்கும், வழி இதேதான். கேட்டை வலுவாக்கி ஹாரனைக் குறைக்க வேண்டுமே தவிர, ஹாரனை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூடாது.

இப்போது தனிப் பாதை. கூட்ஸை முழுக்கப் பிரித்துவிட்டால் எல்லாம் தீருமா? பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லைவரை சுமார் 160 கிலோமீட்டர் கூட்ஸுக்கு மட்டுமான பாதை 2007இல் திறந்தது. இந்தியாவில் கிழக்கு, மேற்கு என இரண்டு சரக்கு வழித்தடங்கள், சேர்த்து 2,800 கிலோமீட்டருக்கு மேல். லாஸ் ஏஞ்சலீஸ், லாங் பீச் துறைமுகங்களிலிருந்து வரும் கூட்ஸுக்காக 2002இல் திறந்த அலமேடா வழித்தடத்தில் பத்து மைல் தூரம் பள்ளம் தோண்டி அதற்குள் ரயிலை விட்டார்கள், சுமார் 200 லெவல் கிராசிங்குகள் மறைந்தன. வீட்டோரம் வாழ்பவருக்கு இதைவிட நல்ல தீர்வு நான் பார்த்ததில்லை. ஆனால் அது பெரிய துறைமுகங்களின் போக்குவரத்து, அந்தச் செலவை நாளுக்குப் பத்து வண்டி போகும் பாதையில் யாரும் போட மாட்டார்கள்.

உங்கள் இடத்தில் தனிப் பாதை என்றால் பெரும்பாலும் இருக்கும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று என்று பொருள். அதற்கு நிலம் எடுக்க வேண்டும், சில வீடுகள் போகும், மிச்சமிருக்கும் வீடுகளுக்குத் தண்டவாளம் முன்பைவிட நெருங்கி வரும். பக்கத்தில் போட்டாலும் முழுப் பிரிவு கிடைத்துவிடாது: சரக்கு யார்டு ஒரு பக்கம், புறநகர் பாதை மறுபக்கம் என்றிருந்தால் கூட்ஸ் எங்கேயாவது புறநகர் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். தரைமட்டத்திலேயே வெட்டும் அந்த ஒரு இடம் முழுப் பாதையின் கொள்ளளவையும் தீர்மானித்துவிடும், கூட்ஸ் மறுபடி இரவுக்குப் போகும். ஆகவே தனிப் பாதை வேண்டும் என்று பொதுவாகக் கேட்காமல், குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு மேம்பாலம், நல்ல இடத்தில் ஒரு நீள லூப், நெரிசலான பகுதியில் மட்டும் மூன்றாவது தண்டவாளம் என்று கேட்பது பல பாதைகளில் பாதிச் செலவில் அதே பலனைத் தரும். நீள லூப் ஒன்றைச் சரியான இடத்தில் போட்டால் நடுப்பகலிலேயே சில கூட்ஸை ஓட்டிவிடலாம், அத்தனை வண்டி உங்கள் இரவிலிருந்து குறையும்.

பராமரிப்பை மறக்காதீர்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவது, ஜல்லி இறுக்குவது, மேலே போகும் மின்கம்பியைச் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் ரயில் ஓடாத நேரம் வேண்டும், அதுவும் இரவுதான். கூட்ஸும் இரவு, இயந்திர வேலையும் இரவு என்றால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கும், அனுபவத்தில் விட்டுக்கொடுப்பது பராமரிப்பே. கலப்புப் பாதையில் தேய்மானம் அதிகம் வேறு. வளைவுகளில் வேகமான ரயிலுக்கு வெளித் தண்டவாளத்தை உயர்த்த வேண்டும், மெதுவாக வரும் கனமான கூட்ஸ் அந்த உயரத்தால் உள்பக்கமாகச் சாய்ந்து உள் தண்டவாளத்தை நசுக்கும். இருவருக்கும் நடுவே ஒரு அளவை வைப்பார்கள், யாருக்கும் முழுக்கப் பொருந்தாது. தேய்ந்த தண்டவாளம் சத்தம் போடும். எனவே வாரத்தில் எந்த இரவுகள் பராமரிப்புக்கு என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது உங்கள் தூக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, பத்து வருடம் கழித்து என்ன? புறநகர் ரயிலுக்கென்று போடும் இரட்டைப் பாதை, புதிய சிக்னல், வலுவான பாலம் எல்லாம் கூட்ஸுக்கும் திறந்த கதவுகள். இன்று ஐந்து வண்டி என்பதை வைத்துச் சத்த அறிக்கை எழுதுவார்கள். பாதை முடிந்தபின் அங்கே பதினைந்து ஓட்ட முடியும் என்றால் யாராவது ஓட்டுவார்கள். பாதை யாருடையது என்பதைப் பொறுத்து இதைக் கட்டுப்படுத்தும் வழி மாறும். வட அமெரிக்காவில் பல இடங்களில் பாதை கூட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம், புறநகர் ரயில் வாடகைக்கு ஓடுகிறது, அங்கே எல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். அரசுப் பாதை என்றால் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில் இடம் பிடிக்க வேண்டும். இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் இத்தனை கூட்ஸ், அவற்றுக்கு அதிகபட்ச வேகம் இவ்வளவு, அமைதியான பிரேக் கட்டை இல்லாத வேகன் இரவில் வரக்கூடாது, எண்ணிக்கை கூடினால் சத்த ஆய்வு மறுபடி செய்ய வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கூட்டத்தில் அதிகாரி தலையாட்டியது அடுத்த அதிகாரி வந்ததும் காற்றோடு போகும்.

கடைசியாக, இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. வேலை தொடங்குவதற்கு முன்பான நிலையை அளந்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்: உங்கள் தெருவில் குறைந்தது ஒரு முழு வாரம், வார இறுதியும் சேர்த்து, இரவும் பகலும் சத்தமும் அதிர்வும், மேல் தளம் ஒன்றிலும் தரைத்தளம் ஒன்றிலும். நீங்கள் உங்கள் பங்குக்குச் சுவரில் இப்போதே இருக்கும் விரிசல்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், இரவில் எந்த மணிக்கு எந்தத் திசையில் கூட்ஸ் போகிறது, நின்றால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு ஒரு நாள் "முன்பும் இப்படித்தானே இருந்தது" என்று அவர்கள் சொல்லும்போது காட்டுவதற்கு அந்த நோட்டு வேண்டும். கட்டுமானம் ஆரம்பித்துவிட்டால் பழைய நிலையை யாராலும் அளக்க முடியாது.